பச்சைக்கு மேல் நீலம்

எங்கள் கல்லூரியின் உலோகச் சோதனைக்கூடத்தைக் காலி செய்துவிட்டு அங்கே கம்ப்யூட்டர்களை வைக்கப் போகிறார்களாம். இப்போதைய துறைத் தலைவர் என்னிடம் படித்தவர். போன வாரம் முடிச்சூரில் என் வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தார். "சார், லேபுக்கு ஒரு மலர் போடலாம்னு இருக்கோம். அதை ஆரம்பிச்சதே நீங்கதான். ஒரு கட்டுரை கொடுங்க. ஸ்டூடண்ட்ஸுக்குக் கொஞ்சம் ஊக்கமா இருந்தா நல்லாருக்கும்" என்றார். ஊக்கம் என்னிடம் ஸ்டாக் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர் இஷ்டம். என் பெயரைத் தவிர மற்ற பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அப்பா தாம்பரம் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற ஆறு நாள் ஷிஃப்ட் என்று வாழ்ந்து முடித்தவர். நான் கிண்டியில் உலோகவியல் படித்து, வடக்கே ஓர் உருக்காலையில் ஆறு வருடம் புகை குடித்து, அப்புறம் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினேன். இரும்பு எப்படிச் சோர்ந்து போகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பத்து டன்னை ஒரே தடவையில் தாங்குகிற கம்பி, மூன்று டன்னை லட்சம் தடவை தூக்கினால் உடைந்துவிடலாம். எங்கோ ஓர் ஓரத்தில் மயிரிழையை விட மெல்லிய விரிசல் விழும். ஒவ்வொரு தூக்கலுக்கும் அது கொஞ்சம் வளரும். ஒரு நாள் மிச்சமிருக்கும் இரும்பு போதாமல் போய்விடும். இதை அயர்ச்சி என்போம். இதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன், ஒரு பாடப்புத்தகமும் எழுதியிருக்கிறேன். எண்பதுகளில் தாம்பரத்துக்குத் தெற்கே வயல்வெளியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது, சொந்த ஊர்ப்பக்கம் என்று அதில் வந்து சேர்ந்தேன்.

வாத்தியாராக நான் பொல்லாதவன். பொறியியல் கல்லூரியில் ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று உண்டு. சோதனை செய்து, அளவுகளைக் குறித்து, கணக்குப் போட்டு, விடையை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். விடை என்ன வரும் என்பது சீனியர் நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். எனவே பையன்கள் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற அளவுகளைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நிரப்புவார்கள். எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான், எல்லா வாத்தியாரும் கண்டும் காணாமல் கையெழுத்துப் போடுவதுதான். நான் மட்டும் போட மாட்டேன். அளவுகள் சந்தேகப்படும்படி அழகாக இருந்தால் நோட்டை அவன் கண்ணெதிரிலேயே கிழித்துப் போடுவேன். எனக்குக் 'கிழிசல்' என்று பட்டப்பெயர். நான் வராந்தாவில் வரும்போது "கிழிசல் வருது, கிழிசல் வருது" என்று கிசுகிசுப்பார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதற்கு உதாரணம் வேண்டுமென்றால் மேலே படிக்கலாம்.

அப்போது துறைத் தலைவர் சபாபதி சார். அரசுக் கல்லூரியில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தப்புச் செய்தவனைக் கூப்பிட்டால் முதலில் உட்காரச் சொல்வார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைப்பார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டால் விஷயம் வரப்போகிறது என்று அர்த்தம். எங்கள் அறிக்கைகளை வாய்விட்டு வாசித்துக்கொண்டே பென்சிலால் திருத்துவார். பேனாவைத் தொட மாட்டார். "நாம கண்ணால பார்த்தது மட்டும்தான் ரிப்போர்ட்ல இருக்கணும் ஞானமணி. நெனச்சதெல்லாம் வீட்டுக்குக் கடுதாசி எழுதும்போது எழுதிக்கலாம்" என்பார். நான் அறிக்கை எழுதக் கற்றது அவரிடம்தான். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை போகவில்லை. போயிருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் சோதனைக்கூடத்துக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. தொழிற்சாலைகளில் பாரம் தூக்கும் கிரேன், சங்கிலி, கொக்கி எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒரு முறை தகுதியுள்ளவர் ஒருவர் சோதித்துச் சான்றிதழ் தரவேண்டும் என்பது சட்டம். அந்தத் தகுதியுள்ளவர் நான். பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை சின்னச் சின்னத் தொழிற்சாலைகளுக்குப் போய்வருவேன்.

அதில் ஒன்று, பெரிய வார்ப்பிரும்பு உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் ஒரு பட்டறை. உள்ளே கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடும் ஒரு கிரேன். அதை மேலே கூண்டில் உட்கார்ந்து ஓட்டியவன் ஏழுமலை. கீழே நின்று பாரத்தில் சங்கிலி கட்டிக் கொக்கியில் மாட்டிவிடுபவர் தணிகாசலம், ஏழுமலையின் அக்கா புருஷன். பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம் ஒரே வீட்டில் இருந்தார்கள். மாமனும் மச்சானும் ஒரே சைக்கிளில் வேலைக்கு வருவார்கள்.

அந்தப் பட்டறையில் வருடச் சோதனையை ஆயுதபூஜை முடிந்த வாரத்தில்தான் வைத்துக்கொள்வார்கள். பூஜைக்காக எல்லா இயந்திரத்தையும் நிறுத்திக் கழுவித் துடைத்துப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், பட்டறை பார்க்க நன்றாக இருக்கும், ஆர்டரும் அந்த வாரம் குறைச்சல். எனக்கும் எண்ணெய்ப் பிசுக்கில் கையை விட வேண்டாம் என்பதால் சௌகரியமாகத்தான் இருந்தது. அது எவ்வளவு மடத்தனம் என்று எனக்கு உறைக்கவில்லை. விரிசலைத் தேடிப் போகிறவன், பெயிண்ட் காய்ந்த மறுநாளா போவான்?

கொக்கியில் இரண்டு சோதனை. ஒன்று, தெரிந்த எடையைத் தூக்கிப் பத்து நிமிடம் தொங்கவிட்டுப் பார்ப்பது. இன்னொன்று சாயச் சோதனை. பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பைக் கழுவி, சிவப்புச் சாயத்தைப் பீய்ச்சிக் காத்திருந்து துடைத்துவிட்டு, அதன்மேல் வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் போன சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசிந்து தெரியும். முதல் சோதனையில் கொக்கி இன்றைக்கு உடையாது என்று தெரியும். நாளைக்கு உடையுமா என்பது இரண்டாவதில்தான் தெரியும்.

முதல் வருடம் நான் சாய டப்பாக்களும் சுரண்டியுமாகப் போனேன். கொக்கியைக் கீழே இறக்கியிருந்தார்கள். புதுப் பச்சைப் பெயிண்ட் பளபளவென்றிருந்தது. கொக்கியின் கழுத்தில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். காய்ந்த கதம்பச் சரம் ஒன்றும் சுற்றியிருந்தது. தணிகாசலம் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நான்தான் சார் அடிச்சேன். மூணு கோட்டு" என்றார்.

"நல்லாருக்கு. ஆனா இதைச் சுரண்டணுமே" என்றேன்.

அவர் முகம் மாறியது. பின்னாலிருந்த இன்னொருவர்தான், "பூஜை போட்ட கொக்கி சார். குங்குமத்த சுரண்டினா நல்லாருக்குமா? வேற எங்கனா சுரண்டிக்கோங்களேன்" என்றார். முதலாளி சிரித்துக்கொண்டே, "சார் வேற ஆளு, அவருக்கு இதெல்லாம் தெரியாது" என்றார்.

வேற ஆளு என்றால் கிறிஸ்தவன். அதை அவர் தப்பாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இவர்கள் கும்பிட்ட பொருளை நான் போய்ச் சுரண்டினால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றிவிட்டது. மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். எடை தூக்கும் சோதனையை மட்டும் செய்தேன், கொக்கி தாங்கியது. படிவத்தில் சாயச் சோதனை என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா ஒரு நிமிடம் நின்றது. 'விரிசல் இல்லை' என்ற இடத்தில் டிக் போட்டேன். தணிகாசலம் எனக்கு ஒரு தட்டில் பொரியும் கடலையும் வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த வருடம் பெயிண்ட் நீலமாக மாறியிருந்தது. "இந்த வாட்டி முதலாளி நீலம் வாங்கினு வந்தாரு சார்" என்றார் தணிகாசலம். அந்த வருடம் நான் சாய டப்பாக்களைக் கொண்டுபோகவே இல்லை. எப்படியும் சுரண்ட விடமாட்டார்கள் என்று வீட்டிலேயே முடிவு கட்டிக்கொண்டு போனேன். அன்று யாரும் என்னைத் தடுக்கவில்லை, ஏனென்றால் நான் கேட்கவேயில்லை. அதே டிக். என் கையெழுத்துக்குக் கீழே சபாபதி சார் கையெழுத்து. ஒரு மாணவன் இப்படி ஒரு நோட்டைக் கொண்டுவந்திருந்தால் கிழித்து ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன்.

அதற்கடுத்த பூஜைக்கு இரண்டு மாதம் இருந்தது. ஒரு காலை வேளையில் கொக்கி கழுத்தோடு முறிந்து, தூக்கியிருந்த வார்ப்பு கீழே விழுந்தது. தணிகாசலம் அதன் அடியில் நின்றிருந்தார். ஏழுமலை மேலே கூண்டிலிருந்து அதைப் பார்த்தான்.

மதியத்துக்குள் முதலாளி ஒரு கதை தயார் செய்துவிட்டார். ஏழுமலை அவசரத்தில் பாரத்தைச் சாய்வாக இழுத்து வெடுக்கென்று தூக்கினான், அதனால் கொக்கி முறிந்தது, கொக்கியில் குறை இல்லை என்பதற்குக் கல்லூரிச் சான்றிதழே இருக்கிறது. போலீஸ் ஏழுமலை மேல் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்குப் போட்டது. உடைந்த கொக்கியைச் சோதித்து அறிக்கை கொடுக்கும்படி, எங்கள் சோதனைக்கூடத்துக்கே அனுப்பிவைத்தார்கள்.

வேலிக்கு ஓணான் சாட்சி. நான் அதைத் தொட்டிருக்கவே கூடாது. "சார், சர்டிபிகேட் கொடுத்ததே நாம. இதை வேற இடத்துக்கு அனுப்பிடலாம்" என்று சபாபதி சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "வேண்டாம்னு திருப்பி அனுப்பினா, ஏன்னு ஒரு கேள்வி வரும் ஞானமணி" என்றார்.

கொக்கி இரண்டு துண்டாகச் சிமெண்டு சாக்கில் வந்தது. உடைந்த முகங்களை எக்காரணம் கொண்டும் ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். பொருத்தினால் அதில் எழுதியிருப்பது எல்லாம் நசுங்கி அழிந்துவிடும். புதிதாக வருகிற எவனுக்கும் கை துறுதுறுக்கும். நான் லேப் உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். அசிட்டோனில் மென்மையான பிரஷ்ஷை நனைத்து மேலிருந்த தூசியை மட்டும் எடுத்துவிட்டு, முகத்தை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தேன்.

படித்தவனுக்கு அது ஒரு நிமிட வேலை. பாதிக்கு மேல், கடல் உள்வாங்கிய மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வரி வரியாக இருந்தது. அது அயர்ச்சி. விரிசல் நாள் கணக்கில், மாதக் கணக்கில் மெல்ல வளர்ந்த தடம். மிச்சமிருந்த சின்ன இடம் மட்டும் சொரசொரவென்று பளிச்சென்றிருந்தது, அதுதான் அன்று காலையில் முறிந்த இடம். வெடுக்கென்று தூக்கி உடைத்திருந்தால் முகம் முழுவதும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

விரிசல் தொடங்கிய ஓரத்தில் நிறம் இருந்தது. நுண்ணோக்கியில் வைத்தேன். அடியில் துரு, அதன்மேல் பச்சை. பச்சைக்கு மேல் நீலம். நீலம் பச்சையைத் தாண்டி இன்னும் உள்ளேயும் போயிருந்தது. அதாவது, தணிகாசலம் பச்சை அடித்த அன்றே அங்கே விரிசல் இருந்திருக்கிறது, பெயிண்ட் அதற்குள் இறங்கியிருக்கிறது. நீலம் அடிப்பதற்குள் அது இன்னும் வளர்ந்திருக்கிறது. இரண்டு தடவையும் அதற்கு ஒரு வாரம் கழித்து நான் அங்கே நின்றிருக்கிறேன், பொரி தின்றிருக்கிறேன், டிக் போட்டிருக்கிறேன்.

ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, பேக்கலைட் என்ற கருப்புப் பிளாஸ்டிக்கில் பதித்து, எமரித் தாள்களில் ஒவ்வொன்றாகத் தேய்த்து, வெல்வெட்டில் மெருகேற்றினேன். வழக்கமாக உதவியாளர் செய்கிற வேலை. இரண்டு நாள் நானே செய்தேன். எங்காவது என் கண் தப்பாகப் பார்த்திருக்கும் என்று நம்பிக்கொண்டே தேய்த்தேன். மெருகேற மெருகேற இரண்டு நிறமும் கோடு போட்டது மாதிரி தெளிவாகத்தான் வந்தது.

மூன்றாம் நாள் ஏழுமலை வந்தான். வழக்கு இருப்பதால் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

"சார், நான் சாய்ச்சி இழுக்கல சார். டெய்லி தூக்கற சரக்குதான். நேரா தூக்கினேன், பட்டுனு போயிடுச்சி."

"சரிப்பா."

"மிஷின்ல வெச்சிப் பாத்தா இன்னா நடந்துச்சின்னு தெரிஞ்சிடும்னு வக்கீல் சொன்னாரு. தெரிஞ்சிதா சார்?"

"பார்த்துக்கிட்டிருக்கேன்."

"ஜெயில் கூட பரவால்ல சார். எங்க அக்காவாண்டதான் சார் பேஜாரா கீது. முதலாளி வூட்டாண்ட வந்து, உன் தம்பி அவசரத்துல உன் தாலிய அறுத்துட்டான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அது எம்மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது. என்ன வளத்ததே அதான் சார், எங்கம்மா இல்ல. நீங்க எழுதிக் குடுத்தா நம்பும். படிச்சவங்க சொன்னா நம்பும்."

எழுதுகிறேன் என்று சொன்னேன். அப்போது எழுதுவதாகத்தான் இருந்தேன், இதை நம்புகிறவர்கள் நம்பலாம். அன்றே உட்கார்ந்து ஏழு பக்கம் எழுதினேன். அயர்ச்சி, இரண்டு நிறம், இரண்டு ஆயுதபூஜை, எல்லாம் இருந்தது. டிக்கைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

சபாபதி சார் உட்காரச் சொன்னார். "வீட்ல காய்ச்சல்னு சொன்னீங்களே, தேவலையா?" என்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து நிதானமாக வாசித்தார். நாலாவது பக்கத்தில் பென்சில் நின்றது.

"'இரண்டு ஆயுதபூஜைகளுக்கு முன்பே விரிசல் இருந்துள்ளது.' இது நீங்க பார்த்ததா?"

"உள்ள பெயிண்ட் இருக்கு சார்."

"பெயிண்ட் இருக்கறதைப் பார்த்தீங்க. அது எப்ப உள்ள போச்சுன்னு பார்த்தீங்களா? உடைஞ்ச துண்டை எவனாவது பெயிண்ட் டப்பா பக்கத்துல போட்டு வெச்சிருக்கலாம் இல்லையா?"

"அப்படின்னா மேலாப்புல தெறிச்சிருக்கும் சார். இது துரு, பச்சை, நீலம்னு வரிசையா இருக்கு."

"இருக்கலாம். இருக்கலாம்கறதை ரிப்போர்ட்ல எழுத முடியாது." அந்த வரியின் மேல் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தார். "'பல மாதங்களாக வளர்ந்த அயர்ச்சி.' பல மாதம்னு எதை வெச்சு சொல்றீங்க? எண்ணினீங்களா?" அதற்கும் ஒரு கோடு. இப்படியே பக்கம் பக்கமாகப் போனார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஆரம்பத்தில் சொன்னேன். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

கடைசியில் அவர் மேஜை டிராயரைத் திறந்து, எங்கள் பழைய சான்றிதழ் நகல்கள் இரண்டையும் எடுத்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். சாயச் சோதனைக் கட்டத்தின் மேல் பென்சில் முனையை வைத்தார்.

"இது நீங்க பார்த்ததா ஞானமணி?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "உங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க" என்றார். அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே என் பெண்களை நினைத்துத்தான் சொன்னார். அதனால்தான் என்னால் எழுந்து போக முடியவில்லை.

ஏழு பக்கம் இரண்டு பக்கமானது. 'கொக்கி முறிந்ததற்கான காரணத்தை ஐயத்துக்கு இடமின்றி நிர்ணயிக்க இயலவில்லை' என்று முடித்தேன். பென்சில் கோடு போட்ட தாள்களை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். புதிய தாளில் என் கையால் நானே எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இரண்டு பக்கம் போதும், மறைத்துவிடலாம்.

வழக்கு இரண்டு வருடம் நடந்தது. அறிக்கையில் காரணம் தெரியவில்லை என்று இருந்ததால், சந்தேகத்தின் பலனை அளித்து ஏழுமலையை விடுதலை செய்தார்கள். கேட்டபோது நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். ஆள் உள்ளே போகவில்லை, அது போதும் என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

அதற்கப்புறம் அவனை ஒரே ஒரு தடவை பார்த்தேன். தாம்பரம் மார்க்கெட்டில் லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். ஆளை மறந்திருப்பான் என்று நினைத்துத் திரும்பி நடந்தேன். ஓடி வந்து கும்பிட்டான்.

"நல்லா கீறீங்களா சார்? நீங்க எழுதினதாலதான் சார் நான் ஜெயிலுக்குப் போவல."

"வேலை?"

"கிரேன் எவன் சார் குடுப்பான்? இதான்."

"அக்கா?"

"சந்தேகம்னுதானே கோர்ட்ல சொன்னாங்க, நீ பண்ணலன்னா சொன்னாங்கன்னு கேக்குது சார். இன்னா சொல்றது." அவன் சிரித்தான். இரண்டு வெங்காயத்தை எடுத்து என் பையில் போட்டான். அன்றைக்காவது அவனை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கலாம். பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனேன். பஸ் வரவில்லை.

அதற்குப் பிறகும் பத்து வருடம் பாடம் நடத்தினேன். நோட்டுகளைக் கிழிப்பதை மட்டும் விட்டுவிட்டேன். பையன்கள் என்னைத் திருந்திவிட்டதாக நினைத்தார்கள். அயர்ச்சி பற்றிய பாடத்தில் ஒவ்வொரு வருடமும் விரிசலுக்குள் பெயிண்ட் இருந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லிக்கொடுத்தேன். அதைப் பரீட்சையில் கேட்டால் எல்லோரும் சரியாக எழுதினார்கள்.

நான் ஓய்வுபெற்றேன். அதே வருடம் சபாபதி சார் காலமானார். அப்புறம்தான் தணிகாசலத்தின் மனைவி தேவகியைத் தேடிக்கொண்டு பீர்க்கன்கரணைக்குப் போனேன். தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பயப்பட ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவர் தாள்களை வைத்துக்கொண்டதுபோல் நான் என் பங்குக்கு எடுத்துவைத்திருந்த அந்தப் பேக்கலைட் துண்டையும் ஒரு கைலென்ஸையும் பையில் போட்டுக்கொண்டேன்.

தேவகி வாசலில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். நாற்காலி கொண்டுவந்து போட்டார். பூஜையிலிருந்து பென்சில் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன், டிக்கையும் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். துண்டையும் லென்ஸையும் கொடுத்து எப்படிப் பார்ப்பது என்று காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கித் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் கம்பிகளில் பெயிண்ட் உதிர்ந்து அங்கங்கே நீலம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மிச்சம் இருந்தத அவருதான் கொண்டாந்து அடிச்சாரு" என்றார். "அப்ப ஏழுமல மேல தப்பு இல்லியா சார்?"

"இல்லம்மா. துளி கூட இல்ல. அவன் எங்க இருக்கான்? அவன்கிட்டயும் சொல்லணும்."

"போன ஆடில செத்துட்டான் சார். மஞ்சக்காமால."

அவர் லென்ஸைக் கீழே வைக்காமலே பேசினார்.

"அத்தினி வருஷமா அவன இந்தப் படி ஏற வுடல சார். வருவான், தெருக்கோடில நிப்பான், போயிடுவான். ஆஸ்பத்திரில கெடக்கறான்னு சொல்லி அனுப்பிச்சாங்க, போனேன். என் கையப் புடிச்சிக்கினு அழுதான். நான்தான்க்கா வெடுக்குனு தூக்கிட்டேன் போல கீது, மாமாவ நான்தான்க்கா கொன்னுட்டேன், மன்னிச்சுடுன்னான். முன்னாடில்லாம் நான் பண்ணலன்னு சாதிச்சவன் சார். கடைசில அவனே ஒத்துக்கினான். ஒத்துக்கினானேன்னு எனக்கு மனசு ஆறிப்போச்சு. மன்னிச்சுட்டேன்டா, போடான்னு சொல்லி நானே வாய்ல தண்ணி ஊத்தினேன். அன்னிக்கே போயிட்டான். எம்புள்ளதான் கொள்ளி வெச்சான். அப்பன கொன்னவனுக்குக் கொள்ளி வெக்கறான் பாரு, பெரிய மனசுன்னு ஊரே சொல்லிச்சு."

பேக்கலைட் துண்டையும் லென்ஸையும் என் கையில் திருப்பிக் கொடுத்தார். அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"ஒரு தப்பும் பண்ணாதவன நான் மன்னிச்சு அனுப்பியிருக்கேன் சார். இப்ப நான் யாராண்ட போயி மன்னிப்புக் கேக்கறது?"

உள்ளே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எம்புள்ள எழுந்துட்டான். அவனுக்கு இது தெரிய வாணாம். நீங்க வந்ததே தெரிய வாணாம். ஜாக்கெட் துணி குடுக்க வந்தேன்னு சொல்லிட்டுப் போங்க."

பையன் வெளியே வந்து யாரென்று கேட்டான். ஜாக்கெட் துணி கொடுக்க வந்தேன் என்று சொன்னேன்.